பில்டருக்கு வைத்த பொட்டு

புவனேஸின் காரைப் பற்றிப் பேசும்போது ‘பழசு’ என்ற வார்த்தையை மட்டும் யாரும் வாயில் எடுக்கக்கூடாது. எடுத்தால் தொலைந்தார்கள். “ஓடுற காடிக்கு எதுக்கு வயசு கேக்குறீங்க? பள்ளிக்கூடத்துல சேக்கவா போறீங்க?” என்று ஒரு போடு போடுவாள். கேட்டவர் அதற்குப் பிறகு அந்தக் காரைக் கண்டாலே ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்.

கம்போங் ராஜாவைத் தாண்டி மேலே ஏறினால் வரும் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான கீழ் லயத்தில் கடைசி வீடு அவளுடையது. தோட்டத்துத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் பிரிவில் பிற்பகல் வேலை. கணவன் ஜெகதீஸ்வரன் காய்கறி லோரி ஓட்டுகிறவர். வாரத்தில் பாதி நாள் கோலாலம்பூர் சந்தையில்தான் கிடப்பார். வாசலில் நிற்கிற வெளிர் நீல சாகா கார், வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் போன கணக்குக் கிராணியிடம் அவள் தன் சொந்தச் சம்பளத்தில் வாங்கியது. வாங்கிய அன்று ஜெகதீஸ்வரன் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “இதுக்கு ரெண்டு மாடு வாங்கியிருக்கலாம். அதுங்களாவது பால் கொடுக்கும்” என்றார்.

அப்போது அவளிடம் லைசென்ஸ்கூடக் கிடையாது. லயத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் பெண்கள் இருந்தார்கள், கார் ஓட்டும் பெண் ஒருத்தியும் இல்லை. மலைக்குக் கீழே போய் ஓட்டும் சோதனை கொடுத்தவள், முதல் தடவை மேட்டில் கார் பின்னால் உருண்டு தோற்றாள். இரண்டாம் தடவையும் அதே மேடு, அதே உருளல். மலையிலேயே பிறந்து வளர்ந்தவள் சமவெளியில் கட்டி வைத்த ஒரு சின்ன மேட்டில் ஏற முடியாமல் தோற்ற கதையை, விருந்தாளி யார் வந்தாலும் ஜெகதீஸ்வரன் காப்பியோடு சேர்த்துப் பரிமாறுவார். அவளும் சளைக்காமல், “மூணாவது தடவ ஏறினத யாரு சொல்வா?” என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்.

அப்படி வாங்கிய கார்தான் இப்போது சரோஜாவின் உயிரைச் சுமந்துகொண்டிருந்தது. இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

சரோஜா பக்கத்து வீடு. இருவரும் ஒரே வயது. ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே வாத்தியாரிடம் அடி வாங்கியவர்கள். சர்க்கரை நோய் வந்து சரோஜாவின் சிறுநீரகங்களைத் தின்றுவிட்டது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போய், இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். ஒரு நாள் தவறினாலும் கால் வீங்கிவிடும், மூச்சு வாங்கும். அந்த நாட்களில் பொழுது விடிவதற்குள் புவனேஸ் காரைக் கிளப்பிவிடுவாள். சரோஜா போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து முன் இருக்கையில் ஏறி, “போலாம்டி, காடிக்கு மாதிரி எனக்கும் பில்டர் மாத்துற நாளு” என்பாள். முதல் தடவை அந்தக் கிண்டலைக் கேட்டு புவனேஸ் அழுதுவிட்டாள். இப்போதெல்லாம் இருவருமே சிரிக்கிறார்கள்.

சரோஜாவின் ஒரே மகன் மகேன் ஈப்போவில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். தங்கமான பிள்ளை. அம்மாவைத் தன்னோடு கொண்டுபோய் வைத்துக்கொள்ள வேண்டும் என்று தலைகீழாக நின்றான். அவன் இருக்கும் அடுக்குமாடிக்கு எதிரிலேயே சிகிச்சை நிலையம் இருந்தது. ஆனால் ஈப்போ என்றாலே சரோஜாவுக்கு வேப்பங்காய்.

“அங்க வந்து நாலாவது மாடியில உக்காந்துகிட்டு நான் யாரோடடா சண்ட போடுவேன்? என் செவ்வந்திய யாரு பாப்பா?” என்பாள். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் செவ்வந்தி வளர்த்து பிரிஞ்சாங் பூக்கடைக்குக் கொடுத்து வந்தாள். நோயாளி என்று யாரும் தன்னைச் சொல்லிவிடக்கூடாது, பூக்காரி என்றுதான் சொல்ல வேண்டும் என்பது அவளுடைய வீம்பு.

மகேனின் பயத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. ரெண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு தீபாவளிக்கு வந்தவன் வாசலில் நின்றுகொண்டு, “சின்னம்மா, ஒங்கள நம்புறேன். ஒங்க காடியத்தான் நம்ப முடியல. அம்மாவ வச்சிக்கிட்டு மலையில நடுவழியில நின்னுச்சுன்னா என்னா செய்வீங்க?” என்றான்.

புவனேஸுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. “என் காடி நிக்காதுலா. ஒரே ஒரு நாளு வழியில நின்னுச்சுன்னா, ஒங்கம்மாவ நீ ஈப்போவுக்குக் கூட்டிட்டுப் போ. நான் வாயத் தொறக்கமாட்டேன்.”

“சரி சின்னம்மா. பேச்சு பேச்சா இருக்கணும்.”

தன்னை நடுவில் வைத்து இரண்டு பேரும் பந்தயம் கட்டுவதைப் பார்த்து சரோஜா தலையில் அடித்துக்கொண்டாள். வாயிலிருந்து வந்த பிறகுதான் புவனேஸுக்கும் உறைத்தது. ரோஷத்தில் வார்த்தையை விட்டாகிவிட்டது, இனி அள்ள முடியாது. அன்றிலிருந்து அவள் அந்தக் காரைப் பார்த்துக்கொண்ட பார்வை இருக்கிறதே, ஜெகதீஸ்வரனுக்குக் கல்யாணமான புதிதில்கூட அப்படி ஒரு கவனிப்பு கிடைத்ததில்லை.

எண்ணெய் மாற்றுகிற வேலையை அவள் யாரிடமும் கொடுப்பதில்லை. கார் வாங்கிய காலத்திலேயே தானே மாற்றக் கற்றுக்கொண்டாள். ஆரம்பத்தில் இருப்பதிலேயே மலிவான பில்டரைத்தான் வாங்கிப் போட்டாள். எண்ணெயை வடிகட்டுகிற தகர டப்பாதானே, எதுவாக இருந்தால் என்ன என்கிற நினைப்பு. ஆனால் குளிர்ந்த காலையில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் பல்லைக் கடித்துக்கொண்டு கடகடவென்றுதான் எழுந்தது. காரணம் தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த தடவை விலை கூடிய ஒரிஜினலைப் போட்டாள், சத்தம் போனது. அதற்கு அடுத்த தடவை நடுத்தர விலையில் ஒன்றைப் போட்டாள், அப்போதும் சத்தம் இல்லை. கழற்றிய மூன்றையும் பத்திரமாக எடுத்து வைத்திருந்தவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவனின் இரும்பு ரம்பத்தை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அறுக்க ஆரம்பித்தாள்.

லயமே வேடிக்கை பார்த்தது. “எல்லாரும் வாங்க, புவனேஸு பில்டருக்குப் பிரசவம் பாக்குறா” என்று சரோஜா ஊரைக் கூட்டினாள்.

மலிவான பில்டருக்குள் தாள் மடிப்புகள் ஏனோதானோவென்று இருந்தன. ஒரு பக்கம் பசை விட்டு, தாள் ஓரத்திலிருந்து விலகியிருந்தது. தூள் சலிக்கிறவளுக்கு அதைப் பார்த்ததும் வயிறு பற்றி எரிந்தது. சல்லடை ஓரத்தில் இடைவெளி விழுந்தால் அன்றைய சலிப்பு முழுவதும் வீண் என்று அவளுக்குத் தெரியாதா? இன்னொன்றும் பார்த்தாள். உள்ளே ரப்பரில் ஒரு மடல் இருக்கிறது. கார் நிற்கும்போது பில்டரில் உள்ள எண்ணெய் கீழே இறங்கிவிடாமல் அடைத்துக்கொள்வது அதுதான். மலிவானதில் அந்த மடல் காய்ந்த ஆரஞ்சுத் தோலைப் போல விறைத்துக் கிடந்தது. அதனால் காலையில் எஞ்சின் வறண்ட தொண்டையோடு எழுந்திருக்கிறது, கத்தாமல் என்ன செய்யும்?

ஒரிஜினலில் எல்லாமே நன்றாக இருந்தது. அதில் ஆச்சரியமில்லை. நடுத்தர விலைக்காரனை அறுத்துப் பார்த்தபோதுதான் அவள் முகம் மலர்ந்தது. நெருக்கமான மடிப்பு, ஒழுங்கான பசை, விரல் வைத்தால் வளைந்து கொடுக்கிற மடல். ஒரிஜினலின் பாதி விலைக்கு வந்த சாமான் அதன் பக்கத்தில் கூச்சமில்லாமல் உட்கார்ந்திருந்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள், இனி அவளுக்கு இதுதான்.

முடிவு செய்த பிறகும் கடைக்காரனைச் சும்மா விடுவதில்லை. பிரிஞ்சாங்கில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் தர்மேந்திரன், அவள் தலையைக் கண்டதுமே அந்த ரகத்தில் நாலைந்து டப்பாவை எடுத்து மேசையில் வைத்துவிடுவான். ஒவ்வொன்றையும் திறந்து, காருக்கான எண்ணைச் சரிபார்த்து, மரையை நகத்தால் தடவி, ஓட்டை வழியாகச் சுண்டுவிரலை விட்டு மடலை அழுத்தி, வாயைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு எண்ணெய் ஒழுகாமல் காக்கிறது அந்த வளையம்தான்.

போன வருடம் ஆயுத பூசைக்கு முந்தைய வாரம் போனபோதும் அதே கூத்துதான்.

“அக்கா, பில்டர் வாங்க வந்தீங்களா, மாப்பிள்ள பாக்க வந்தீங்களா?”

“மாப்பிள்ள சரியில்லன்னா திருப்பி அனுப்பலாம் தம்பி. எஞ்சின் போச்சுன்னா நான் எங்க போவேன்?”

தர்மேந்திரன் சிரித்துக்கொண்டே பணத்தை வாங்கினான். அவள் பார்த்து வேண்டாமென்று ஒதுக்கிய பில்டரைத் தன் சொந்தக் காருக்கும் போடமாட்டான் என்பது அவளுக்குத் தெரியாது.

ஆயுத பூசை வியாழக்கிழமை வந்தது. காலையில் சரோஜா சிகிச்சைக்குப் போய் வந்த பிறகுதான் பூசை. லீவு போட்டுக்கொண்டு மகேனும் வந்திருந்தான். “சனிக்கிழமை நானும் கூட வர்றேன் சின்னம்மா, எப்படித்தான் போறீங்கன்னு பாக்குறேன்” என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான். புவனேஸுக்குப் பந்தயம் ஞாபகம் வந்தது. கார் மேல் அவளுக்குச் சந்தேகமே இல்லை, இருந்தாலும் சாமியும் கொஞ்சம் பக்கத்தில் நிற்கட்டுமே என்று தோன்றியது. அதனால் எந்த வருடமும் செய்யாத ஒன்றைச் செய்தாள். ஜெகதீஸ்வரனின் லோரிச் சாவி, கத்திரி, பாராங் கத்தி, தொழிற்சாலைச் சல்லடை எல்லாவற்றையும் பரப்பிய வாழை இலையில், இன்னும் மாட்டாத புது பில்டரையும் வாய் மேலே பார்க்க நிறுத்தி வைத்தாள்.

சந்தனமும் குங்குமமும் வைக்கிற வேலை சரோஜாவுடையது. எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டே வந்தவள், பில்டரிடம் வந்ததும் உட்கார்ந்துவிட்டாள். “இது என் சொந்தக்காரன்டி, இவனுக்கு நல்லா வைக்கணும்” என்று சொல்லி, வாயைச் சுற்றிலும் அழகாகப் பொட்டு வைத்தாள். புவனேஸ் சூடம் காட்டினாள். முனீஸ்வரரை நினைத்துக்கொண்டு கண்ணை மூடியபோது இருவருக்குமே கண் கலங்கியது.

மறுநாள் காலை காருக்கு அடியில் படுத்துப் பழைய பில்டரைக் கழற்றிவிட்டு, புதியதைக் கையில் எடுத்தாள். ரப்பர் வளையத்தின் மேல் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. வேறு எந்த அழுக்காக இருந்தாலும் மூன்று தடவை துடைத்திருப்பாள். இது சாமிக்குப் படைத்த பொட்டு, அதுவும் சரோஜா வைத்த பொட்டு. அதைத் துடைக்கக் கை வரவில்லை. வழக்கம்போல வளையத்தில் விரலால் எண்ணெய் தடவினாள், பொட்டின் மேலேயே தடவினாள். கையால் இறுக்கித் திருகினாள். எஞ்சினைக் கிளப்பிக் குனிந்து பார்த்தாள், ஒரு சொட்டு இல்லை. நிம்மதியாக எழுந்து கையைக் கழுவினாள்.

சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் கிளம்பினார்கள். சரோஜா முன்னால், மகேன் பின்னால். எஞ்சின் பூனை மாதிரி எழுந்ததைப் பார்த்து புவனேஸ் கண்ணாடி வழியே மகேனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் தலையாட்டினான். கார் கடைகளைத் தாண்டி, பாலிதீன் கூரை போட்ட தோட்டங்களைத் தாண்டி ஏற்றத்தில் ஏறியது. வார இறுதிக் கூட்டம் இன்னும் வரவில்லை. சரோஜா செவ்வந்தி விலையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள்.

கியா பார்ம் மேட்டில் ஏறும்போது புவனேஸின் மூக்குக்கு அது எட்டியது. சூடான இரும்பில் எண்ணெய் பட்டுக் கருகும் வாசம். விளக்கு எதுவும் எரியவில்லை, சத்தமும் இல்லை. இன்னும் கொஞ்ச தூரம் ஏறினால் மேடு முடிந்துவிடும், அங்கிருந்து பிரிஞ்சாங் வழியாக இறக்கம்தான். ஓட்டிவிடலாம் என்று மனம் சொன்னது. மகேனுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் எண்ணெய் போன எஞ்சின் எந்த நிமிடம் வேண்டுமானாலும் இறுகிப்போகும், பக்கத்தில் சரோஜா உட்கார்ந்திருக்கிறாள். புவனேஸ் சமிக்ஞை விளக்கைப் போட்டு, ஸ்ட்ராபெரி விற்கும் கடை ஒன்றின் முன்னால் காரை ஓரங்கட்டி நிறுத்தினாள்.

சரோஜா மகனைத் திரும்பிப் பார்க்காமல் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

புவனேஸ் ரோட்டோரத்தில் மல்லாந்து படுத்துப் பார்த்தாள். பில்டரின் கழுத்திலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சொட்டில் மஞ்சளாகக் கொஞ்சம் சந்தனம் கரைந்து வந்தது. அவளுக்கு எல்லாமே புரிந்துவிட்டது. முகத்தில் யாரோ அறைந்த மாதிரி இருந்தது.

மகேன் குனிந்து, “என்னா சின்னம்மா, பில்டரா? வெல கொறஞ்ச சாமான் போட்டா இப்படித்தான். இதத்தான் நான் அப்பவே சொன்னேன்” என்றான்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். குற்றம் பில்டரின் தலையில் விழும், அவள் தப்பித்துக்கொள்வாள். புவனேஸ் எழுந்து உட்கார்ந்தாள்.

“பில்டர ஒண்ணும் சொல்லாத. அது நல்ல சாமான், பாத்துப் பாத்து வாங்கினது. தப்பு என்னோடது. ரப்பர்ல பொட்டு ஒட்டியிருந்துச்சு. சாமி பொட்டாச்சேன்னு தொடைக்காம மாட்டிட்டேன்.”

சரோஜா கதவைத் திறந்து தலையை நீட்டினாள். “நான் வச்ச பொட்டா?”

“நீ வச்ச எடத்துல தப்பில்லடி. நான் தொடைச்சிருக்கணும்.”

அதற்கு மேல் பேச நேரமில்லை. எஞ்சின் கொஞ்சம் ஆறும்வரை பொறுத்திருந்து, கடைக்காரப் பெண்ணிடம் காலி ஐஸ்கிரீம் டப்பா ஒன்றை வாங்கிக் கீழே வைத்தாள். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டு பில்டரைக் கழற்றினாள். துண்டின் சுத்தமான முனையை எடுத்து, “முனீஸ்வரா, கோவிச்சுக்காதப்பா” என்று முணுமுணுத்தபடி வளையத்தைச் சுற்றித் துடைத்தாள். எஞ்சினில் அது ஒட்டும் இடத்தையும் துடைத்தாள். எண்ணெய் தடவி, திருகி, காரின் பின்பெட்டியில் எப்போதும் வைத்திருக்கும் போத்தலிலிருந்து குறைந்த எண்ணெயை ஊற்றினாள். எஞ்சினைக் கிளப்பிவிட்டு மறுபடியும் படுத்துப் பார்த்தபோது, அவள் பக்கத்தில் மகேனும் தன் வெள்ளைச் சட்டையோடு ரோட்டில் படுத்துப் பார்த்தான். பில்டரின் கழுத்து காய்ந்தே இருந்தது.

தானா ராத்தாவில் சரோஜாவின் கட்டிலை யாருக்கும் கொடுத்துவிடவில்லை. தாமதத்துக்கு நர்ஸ் ஒரு வார்த்தை முணுமுணுத்தாள், அவ்வளவுதான். ஊசி குத்தி, குழாயில் ரத்தம் ஓட ஆரம்பித்த பிறகு, புவனேஸும் மகேனும் வெளியே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்கள். அவள் நகங்களெல்லாம் கறுப்பு எண்ணெய்.

“காடி நின்னுச்சு மகேன்,” என்றாள். “நான் பேசின பேச்சு பேச்சுதான். ஒங்கம்மாவ நீ கூட்டிட்டுப் போகலாம். நான் வாயத் தொறக்கமாட்டேன்.”

மகேன் அவள் கைகளைப் பார்த்தான்.

“எனக்கு அந்த வாசமே தெரியல சின்னம்மா. நீங்க பேசாம ஓட்டிட்டு வந்திருந்தா எனக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. பில்டர் மேல பழிய போட்டிருந்தாலும் நம்பியிருப்பேன்.” அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். “நானே எங்கம்மாவ வச்சு ஓட்டியிருந்தாலும் இவ்வளவு பாத்திருக்கமாட்டேன். அம்மா இங்கியே இருக்கட்டும். ஒங்க காடியிலயே போகட்டும்.”

புவனேஸ் அழுக்குக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கன்னத்தில் ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. அதோடுதான் அன்று மத்தியானம் லயத்துக்குள் காரை ஓட்டி வந்தாள். கண்ணாடியை முழுக்க இறக்கி விட்டிருந்தாள், எல்லோரும் பார்க்கட்டும் என்று.

இது நடந்து ஒரு வருடம் ஆகிறது. இந்த வருடமும் ஆயுத பூசைக்கு இலை விரித்தார்கள். அதில் லோரிச் சாவிக்குப் பக்கத்தில் மகேனுடைய காரின் சாவியும், அவன் கேட்டுக்கொண்டபடி புவனேஸ் பார்த்து வாங்கி வைத்திருந்த இன்னொரு பில்டரும் இருந்தன. சரோஜா போன வருடத்தைவிட இளைத்திருந்தாள். ஆனால் வேலையை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

பில்டரிடம் வந்ததும் புவனேஸ் அதைத் தலைகீழாகத் திருப்பி, வாயை உள்ளங்கையால் பொத்திப் பிடித்துக்கொண்டாள். “இங்க வை, தலையில.”

“தெரியும்டி, பெரிய மெக்கானிக்கு,” என்று சொல்லிக்கொண்டே சரோஜா தகரத்தின் தலையில் ஒரு பொட்டு வைத்தாள். காரின் ஸ்டீயரிங்கிலும் ஒன்று வைத்தாள். கிண்ணத்தில் மிச்சமிருந்த சந்தனத்தை விரலால் வழித்து எடுத்து, புவனேஸின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, நெற்றியின் நடுவில் அழுத்தி வைத்தாள்.

“இத மட்டும் தொடைக்காத,” என்றாள்.

புவனேஸ் அன்று பிற்பகல் வேலைக்கும் அந்தப் பொட்டோடுதான் போனாள்.